பழுப்புக் கொழுப்பும் கறுப்பு வேட்டியும்

என் வீட்டுக்காரர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்த நாட்களில் நான் அவரைத் திட்டிய ஒவ்வொரு திட்டிலும் ஒரு "சாமி" இருக்கும். மாலை போட்டவரை வேறு எப்படியும் கூப்பிடக் கூடாது, அதுதான் முறை. "ஈரத்துண்ட மெஷின் மேல போடாதீங்க சாமி." "காது கேக்குதா இல்லையா சாமி." "கொஞ்சமாவது கூறு இருக்கா சாமி உங்களுக்கு." இப்படி நாற்பத்தெட்டு நாளும் மரியாதையாகவே சண்டை போட்டேன். அவரும் என்னைச் சாமி என்றார். காய்கறி வண்டிக்காரர் சாமி, மாடியில் திரியும் பூனையும் சாமி.

என் வாய் கொஞ்சம் நீளம். பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறேன். அளவு கொடுக்க வருகிற பெண்கள் ஒரு மணி நேரம் பேசாமல் போக மாட்டார்கள், நானும் விடமாட்டேன். என் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். பேச்சே கிடையாது. கொடி மாதிரி உடம்பு. மூன்று ஆள் சோறு தின்பார், ஒரு சுற்றுகூடப் பெருக்க மாட்டார். எனக்கோ தண்ணீர் குடித்தாலே இடுப்பில் ஒட்டும். இந்த அநியாயத்தைப் பற்றிக் கல்யாணமான நாளிலிருந்து நான் புலம்பி வருகிறேன்.

மாலை போடச் சொன்னதே நான்தான். அதற்கு முந்தைய வருஷம் அவருக்குக் கழுத்தில் வலப்பக்கம் ஒரு கட்டி வந்தது. முதலில் கொசுக்கடி என்றார், பிறகு சளிக்கட்டு என்றார், கடைசியில் லிம்ஃபோமா என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நிணநீர்க் கணுக்களில் வரும் கேன்சர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ. நாலாவது கீமோவன்று அவர் வாந்தி எடுத்து எடுத்துச் சுருண்டு கிடந்தபோது, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேண்டிக்கொண்டேன். இவரை எழுப்பி நடக்க வைத்துவிடு, மாலை போட்டு உன் மலைக்கே அனுப்பி வைக்கிறேன். எழுந்து நடந்தார். முடி முளைத்தது. வேலைக்குப் போனார். கார்த்திகை பிறந்ததும் அவர் கழுத்தில் மாலை ஏறியது. வேண்டியது நான், நடுங்கியது அவர்.

ஏனென்றால் அந்த வருஷம் பெங்களூரில் குளிர் வாட்டி எடுத்தது. ஊரே மங்கி குல்லா போட்டுக்கொண்டு டீக்கடையில் நின்றது. இவர் விடியற்காலை நாலரை மணிக்கு மாடித் தொட்டியிலிருந்து வரும் பச்சைத் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொள்வார். சாயங்காலம் மறுபடியும். செருப்பு கிடையாது. இடுப்பில் கறுப்பு வேட்டி, தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான். ராத்திரி வெறும் பாயில் படுக்கை. முதல் வாரம் பல் தந்தியடித்தது. எனக்கே பாவமாக இருந்தது. இரண்டாவது வாரம் நடுக்கம் குறைந்தது. மூன்றாவது வாரம் பார்த்தால், நான் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு நிற்கிறேன், அவர் ஈர உடம்போடு சாவகாசமாக விபூதி பூசிக்கொண்டிருக்கிறார்.

"குளிரலையா சாமி?"

"பழகிப் போச்சு சாமி. அவர் பாத்துக்கறார்."

எனக்குப் புல்லரித்தது. தெருவில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு விஷயம்தான் உறுத்தியது. மலைக்குப் போக அவருக்குக் கறுப்புச் சட்டை இரண்டு தைக்க அளவெடுத்தேன். மார்புச் சுற்றளவு போன முறையைவிட ஒன்றரை அங்குலம் குறைந்திருந்தது. டேப்பைத் திருப்பிப் பிடித்து மறுபடி எடுத்தேன், அதே அளவுதான். மத்தியானம் ஒரு வேளைதான் சாப்பாடு என்றாலும் அந்த ஒரு வேளையில் அவர் குண்டானைக் காலி செய்வார். தின்கிற சோறு எங்கே போகிறது? கேன்சர் வந்தபோதும் முதலில் இளைக்கத்தான் செய்தார். நான் அளவை நோட்டில் எழுதாமல் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

கீமோ முடிந்தவர்களுக்குக் நோய் திரும்பியிருக்கிறதா என்று குறிப்பிட்ட காலத்தில் பெட் ஸ்கேன் (PET) எடுத்துப் பார்ப்பார்கள். அந்த நாள் மார்கழி முதல் வாரத்தில் விழுந்தது. முன்கூட்டியே ஒரு தாள் கொடுத்திருந்தார்கள், ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் கன்னடம். வெறும் வயிற்றோடு வரவேண்டும், ஓடியாடி வேலை செய்யக் கூடாது, உடம்பைக் கதகதப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். கன்னடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. படித்தேன். வெறும் வயிறு என்பதைச் சட்டம் மாதிரி எடுத்துக்கொண்டேன். கதகதப்பு என்பது வருகிறவர்களுக்குச் சுகமாக இருக்கட்டும் என்று உபசாரத்துக்கு எழுதியது என்று நினைத்துவிட்டேன். அவர் வழக்கம்போலப் பச்சைத் தண்ணீரில் குளித்தார். வெறுங்காலோடு, திறந்த மார்போடு பைக்கை எடுத்தார். அல்சூர் ஏரிக்கரையில் பனிக்காற்று முகத்தில் அறைந்தது. நான் பின்னால் ஸ்வெட்டரும் சால்வையுமாக அவர் முதுகுக்குப் பின்னே ஒளிந்துகொண்டு போனேன்.

ஊசி போட்டு ஒரு மணி நேரம் ஓர் அறையில் அசையாமல் உட்கார வைப்பார்கள். ஏசி போட்ட அறை. நர்ஸ் ஒரு கம்பளியை எடுத்துக்கொண்டு போனாள், போன வேகத்தில் திரும்பி வந்தாள். மாலை போட்டவர்கள் அடுத்தவர் போர்த்திய போர்வையைத் தொட மாட்டார்கள்.

"உங்க சாமி கம்பளி வேணாங்கறாரும்மா."

"வேணாம்னா விடுங்க சிஸ்டர். அவருக்குக் குளிரே தெரியாது" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட்டோடு கேன்சர் டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். கீமோ கொடுத்துக் காப்பாற்றியவர் அவர்தான். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். படத்தை எங்கள் பக்கம் திருப்பினார். கழுத்தின் இரண்டு பக்கமும், காறை எலும்புக்கு மேலும், முதுகுத்தண்டை ஒட்டியும் பளீர் பளீரென்று வெளிச்சம்.

"திரும்ப வந்திருக்கலாம். நிச்சயமா சொல்ல முடியாது. கழுத்துல இருந்து கொஞ்சம் சதை எடுத்து பயாப்ஸி பாக்கணும்" என்றார்.

போன முறை ஒரே ஒரு இடம். இப்போது கழுத்திலிருந்து முதுகு வரை. எனக்கு உடனே அந்த ஒன்றரை அங்குலம் ஞாபகம் வந்தது. இவர் செத்துப் போய்விடுவார் என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை, அதையேதான் திரும்பத் திரும்ப நினைத்தேன். வீட்டுக்கு வந்து பூஜை அலமாரி முன்னால் நின்று ஐயப்பனை நாக்கில் நரம்பில்லாமல் கேட்டேன். நாலரை மணிக்கு எழுந்து உனக்காக நடுங்கினவருக்கு நீ கொடுத்தது இதுதானா என்று கேட்டேன். அவர் பின்னால் வந்து நின்றார்.

"சாமிய திட்டாதீங்க சாமி."

"உங்களுக்கு பயமா இல்லையா?"

"இருக்கு" என்றார். "இன்னொரு வாட்டி கீமோன்னா தாங்குவனான்னு தெரியல."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் எதையும் தாங்கமாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பயாப்ஸி எடுக்கிற சர்ஜன், ஸ்கேனின் சிடி வேண்டும் என்று கேட்டிருந்தார். அதை வாங்க மறுநாள் காலை ஸ்கேன் எடுத்த இடத்துக்கே போனோம். கவுண்டரில் நின்றிருந்தோம். உள்ளேயிருந்து டீக் கப்போடு ஒரு டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு, கன்னடக்காரர், வார்டில் பழகிப் பழகித் தமிழ் பேசுகிறவர். போகிற போக்கில் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். மார்பைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், பார்வை கீழே இறங்கி வெறுங்காலில் நின்றது. அந்தத் தரை ஐஸ் மாதிரி இருக்கும்.

"ஸ்கேன் அன்னிக்கும் இவர் இப்படியேதான் வந்தாரா?"

"ஆமா மேடம், மாலை போட்டிருக்கார்."

"எதுல வந்தீங்க?"

"பைக்குல."

"காலைல குளிச்சாரா? சுடுதண்ணியா, பச்சத்தண்ணியா?"

எனக்குக் கோபம் வந்தது. மனுஷன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார், இந்தம்மா குளியலைப் பற்றி விசாரிக்கிறது. "பச்சத்தண்ணிதான். தினம் ரெண்டு வேளை. அதுல என்ன இருக்கு?" என்று எடுத்தெறிந்து பேசினேன். அவர் டீக் கப்பைக் கவுண்டரிலேயே வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்றார்.

உள்ளே திரையில் அதே படத்தைத் திறந்தார். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. டாக்டரம்மா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"உடம்புல ரெண்டு விதமான கொழுப்பு இருக்கும்மா. ஒண்ணு சேத்து வைக்கும். உங்க இடுப்புல இருக்கே, என் இடுப்புல இருக்கே, அது. இன்னொண்ணு எரிக்கும். அது பழுப்பு நிறம். சேக்கறது அதோட வேலை இல்ல, எரிச்சு சூடு பண்றதுதான் வேலை. பச்சக் குழந்தைக்கு நம்மள மாதிரி நடுங்கத் தெரியாது. அதனால பொறக்கும்போதே கழுத்துல, முதுகுல இந்தக் கொழுப்பு நிறைய இருக்கும். பெரியவங்களானா குறைஞ்சிடும். சில பேருக்கு, அதுவும் ஒல்லியா இருக்கறவங்களுக்கு, மிச்சம் இருக்கும். தினம் குளிர் பட்டா அது முழிச்சிக்கும், பட்டுக்கிட்டே இருந்தா வேலையும் ஜாஸ்தியாகும்."

"நடுக்கம்கூட நின்னு போச்சு மேடம்" என்றார் என் வீட்டுக்காரர். ஆஸ்பத்திரியில் அவராக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"அதேதான். நடுங்கி சூடு பண்ற வேலைய இது எடுத்துக்கிச்சு." டாக்டரம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எரிக்கணும்னா விறகு வேணும் இல்லையா? ரத்தத்துல இருக்கற கொழுப்பையும் சர்க்கரையையும் இழுத்துக்கும். நாங்க ஊசில ஏத்தறது சர்க்கரை மாதிரி ஒரு மருந்து. உடம்புல எது நிறைய சர்க்கரை திங்குதோ அது திரையில மின்னும். கேன்சரும் திங்கும், இதுவும் திங்கும். மின்னறத மட்டும் பாத்தா எது எதுன்னு தெரியாது."

பிறகு இன்னொரு படத்தை அதன்மேல் வைத்துக் காட்டினார். மின்னுகிற இடத்துக்கு அடியில் கட்டியே இல்லை, வெறும் கொழுப்பு. இடப்பக்கம் எப்படியோ வலப்பக்கமும் அப்படியே. துணியை மடித்து வெட்டினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருமே, அப்படி இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. நோய் இப்படி அளவெடுத்து வராது என்று எனக்குத் தோன்றியது.

"இவர் குளிர்ல வந்தாருன்னு யாரும் எழுதி வைக்கல. ரிப்போர்ட் எழுதினவருக்கு அது தெரிய வாய்ப்பே இல்ல. இங்க கம்பளி குடுப்பாங்களே, குடுக்கலையா?"

நர்ஸைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "குடுத்தாங்க மேடம். நான்தான் விடுங்கன்னு சொன்னேன்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

டாக்டரம்மா என்னைக் கொஞ்ச நேரம் அழவிட்டார். பிறகு வலப்பக்கம் ஒரு புள்ளியில் விரலை வைத்தார். "இங்க மட்டும் நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். பழைய கட்டி இருந்த இடம். அதும்மேலயே இந்த வெளிச்சமும் விழுது. சூடா வெச்சு இன்னொரு ஸ்கேன் எடுத்தா பழுப்புக் கொழுப்பு அடங்கிடும். அப்பவும் இங்க மின்னினா, அது அதுதான்."

அங்கேயே கேன்சர் டாக்டருக்குப் போன் செய்தார். பயாப்ஸியை அதுவரை நிறுத்தி வைக்க அவர் ஒத்துக்கொண்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், வாசல் வரை போய்த் திரும்பினேன். என் வாய் சும்மா இருக்காதே.

"மேடம், எனக்கும் அந்தக் கொழுப்பு இருக்குமா? நானும் பச்சத்தண்ணில குளிச்சா இளைப்பனா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "இருக்கலாம். ஆனா அது ஒண்ணே உங்கள இளைக்க வைக்கும்னு நம்பாதீங்க. ஆராய்ச்சி பண்ணிட்டுதான் இருக்காங்க. சாமி இளைச்சதுக்குக்கூட ஒரு வேளைச் சாப்பாடுதான் பெரிய காரணமா இருக்கும், இது கொஞ்சம் சேந்திருக்கலாம்." நான் அளவெடுத்த கதையை அவரிடம் சொல்லியிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த சண்டை தொடங்கியது.

"சுடுதண்ணில குளிக்க மாட்டேன் சாமி. விரதம் கெட்டுடும்."

"வேண்டிக்கிட்டது யாரு சாமி?"

"நீங்க."

"என்னன்னு வேண்டிக்கிட்டேன்? நீங்க பொழைக்கணும்னு வேண்டிக்கிட்டேன். குளுகுளுன்னு குளிச்சுக் காட்டறோம்னு நான் ஒரு வார்த்தை சொல்லல. பேச்சு எனக்கும் ஐயப்பனுக்கும் நடந்தது. நடுவுல நீங்க யாரு சாமி?"

கடைசியில், "மத்தவங்க போர்வை மட்டும் வேணாம்" என்றார். அது போதும் எனக்கு. சிவாஜிநகர் போய்க் கனமான கறுப்பு ஃபிளானல் துணி எடுத்தேன். ஒருவர் கையும் படாத புதுத் துணி. அன்றைக்கு மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. உள்ளே பஞ்சு வைத்து, முழுக்கை, காது வரை ஏறும் காலர். இரும்பு எதுவும் இருக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் கொக்கி வைக்காமல் துணி நாடா வைத்தேன். வேட்டிக்குள் போட ஒரு பைஜாமா. காலுக்கு உறை. மிச்சத் துணியில் ஒரு போர்வை. போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றார்.

"கரடி மாதிரி இருக்கேன் சாமி."

"உயிரோட இருக்கற கரடி சாமி" என்றேன்.

ஸ்கேனுக்கு முன் இரண்டு நாளும் ஜன்னலைத் திறக்கவில்லை. எங்கள் அடுப்பில், பூஜைக்கு வைத்திருக்கும் குண்டானில் சுடவைத்த தண்ணீரில் குளித்தார். அன்று காலை பைக் இல்லை, ஆட்டோ, இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டேன். போர்வைக்குள் அவர் வியர்த்து வழிந்தார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "சாமிக்கு காய்ச்சலா?" என்றார்.

"இல்லண்ணா, ஒரு பரிச்சைக்குப் போறோம்" என்றேன்.

ஊசி போட்டு உட்கார வைக்கும் அறையில் ஏசியை அணைத்து வைத்திருந்தார்கள். அந்தக் கொழுப்பை அடக்க ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். அதே நர்ஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "உங்க சாமியால நாங்க எல்லாம் வெந்துட்டோம்மா" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கைதான் சில்லென்று இருந்தது.

உள்ளே போனவரை வெளியே கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நான் பேசாமல் இருந்ததே அவரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும், என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கதவு திறந்தது. டாக்டரம்மா எங்களை நோக்கி நடந்து வரவில்லை, ஓடி வந்தார். அவசரத்தில் அவருக்குத் தமிழ் வரவில்லை.

"ஏனூ இல்லம்மா. ஏனூ இல்ல."

ஒன்றும் இல்லை. கடையிலும் பஸ்ஸிலும் காலமெல்லாம் கேட்டுப் புளித்த கன்னடம். நான் எழுந்து நின்று, "காட்டுங்க" என்றேன். நம்பாமல் இல்லை, என் கண்ணால் பார்க்க வேண்டும். பழைய படமும் புதுப் படமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மூளை மின்னியது, சிறுநீர்ப்பை மின்னியது. அது எல்லோருக்கும் மின்னும் என்றார். கழுத்து இரண்டு பக்கமும் அமாவாசை. "வலப்பக்கத்த பெருசு பண்ணுங்க" என்றேன். பண்ணினார். "இன்னும்" என்றேன். இன்னும் பண்ணினார். பழைய கட்டி இருந்த இடத்தில் கும்மிருட்டு. அவ்வளவு அழகான இருட்டை நான் பார்த்ததே இல்லை. என் வீட்டுக்காரரின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். பஞ்சு வைத்துத் தைத்திருந்ததால் அவருக்கு வலிக்கவில்லை.

மூன்றாம் நாள் கேன்சர் டாக்டர் ரிப்போர்ட்டை வரி வரியாகப் படித்தார். பயாப்ஸிக்கு எழுதியிருந்த சீட்டை எடுத்து நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"இனிமே ஆறு மாசம் கழிச்சு வந்தா போதும்."

கட்டி வந்த நாளிலிருந்து எங்களுக்கு நாட்களை வாரக்கணக்கில்தான் கொடுத்திருந்தார்கள். மூன்று வாரம் கழித்து வாங்க, இரண்டு வாரம் கழித்து ரத்தம் கொடுங்க. அதற்கு மேல் நாங்களும் யோசித்ததில்லை. "ஆறு மாசமா சார்?" என்றேன். "ஆறு மாசம்" என்றார். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கப் பார்க்க. அவர் ஒரு படி கீழே உட்கார்ந்து விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி. முடித்துவிட்டு, விரல்களை விரித்து, மறுபடி தையிலிருந்து எண்ணத் தொடங்கினார்.